மாமி பார்த்துச் சொன்ன பின் லைட்

வரிப்பத்தான்சேனை வயலிலிருந்து திரும்பும் வழியில்தான் அந்த மாடு எங்கள் வேகனில் கழுத்தைச் சொறிந்துகொண்டது. வண்டியில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு நின்ற கரத்தைக்காரர் மாட்டை அவிழ்த்து விட்டிருந்தார். கரத்தை விலகட்டும் என்று நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தேன். சொறிந்த சுகத்தில் மாடு தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. படாரென்று ஒரு சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தால், வலது பக்கப் பின் லைட் இருந்த இடத்தில் ஒரு கொம்பு இருந்தது. மாடு அதை அவசரமில்லாமல் உருவி எடுத்துக்கொண்டு, பிழை என்னுடையது என்பதுபோல என்னைப் பார்த்தது. நானும், என்ன நினைத்தேனோ, அதனிடம் மன்னிப்புக் கேட்கிற பாவனையில் தலையாட்டினேன்.

மாட்டுக்கு நான் பயப்படவில்லை. வேகனின் பின் ஆசனத்தில் மாமி இருந்தார். அதுதான் பயம்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். நானும் அப்படிப் போனவன். அந்தக் காலத்து மாமிமார் மருமகனுக்கு முன்னால் வரமாட்டார்கள், நேரடியாகக் கதைக்கவும் மாட்டார்கள். திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்ல, மகள் மருமகனிடம் சொல்லுவாள். வேகனிலும் முன் ஆசனத்துக்கும் பின் ஆசனத்துக்கும் நடுவில் ஒரு சேலைத் துண்டு தொங்கியது. இது கோபமில்லை, மரியாதை என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் திரைக்குப் பின்னாலிருந்து மரியாதையும் கோபமும் ஒரே மாதிரித்தான் கேட்கும், அதாவது ஒன்றுமே கேட்காது. என் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு அது பெரிய தண்டனை.

அந்த ஒஸ்டின் வேகன் மாமாவுடையது. எண்பதுகளின் தொடக்கத்திலேயே அது கிழடு. அவர் அதை வெள்ளிக்கிழமைகளில் தன் கையாலேயே கழுவித் துடைப்பாராம். அவர் மவுத்தாகிப் போன பிறகு, மருதமுனைத் தறிகளில் நெய்த சாரன்களை ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்று, பொத்துவில் கடைகளுக்குப் போட்டு வருவதற்கு நான் அதை ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சோறு அந்த வேகனில்தான் வந்தது. ஆனால் வேகன் மாமியின் சொத்து. அதை விற்பதா வைத்திருப்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். நிந்தவூரிலிருந்து ஒரு முதலாளி, வரும் வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு முன்னால் மாமியின் மனதில் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று நான் தவம் கிடந்த வாரத்தில்தான் அந்த மாட்டுக்குக் கழுத்துக் கடித்தது.

அன்றிரவு என் மனைவியைப் பிடித்துக்கொண்டேன்.

"உம்மா என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல்ல."

"ஒண்டும் எண்டா?"

"ஒண்டும் எண்டா ஒண்டும்தான். உங்களுக்கென்ன விசரா?"

"கோபமா ஒண்டும் சொல்லல்லையா, சாதாரணமா ஒண்டும் சொல்லல்லையா?"

அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தாயைப் போலவே மகளும் என்று அன்று முடிவு செய்தேன்.

அடுத்த நாள் கல்முனையில் மோட்டார்ச் சாமான் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். ஒரு கடை முதலாளி உடைந்த துண்டைக் கையில் வாங்கி, ஜனாஸாவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "தம்பி, இதச் செஞ்சவனும் மவுத்தாகி இரிப்பான். வேகன வித்துட்டு ஒரு மாடு வாங்குங்க" என்றார். மாடு என்ற சொல்லைக் கேட்டதும் துண்டைப் பறித்துக்கொண்டு வெளியே வந்தேன். கடைசியில், வாசலில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றவர்தான், சொறிக்கல்முனையில் ஒரு வீட்டு வளவில் இதே ஜாதி வேகன் ஒன்று கிடக்கிறது என்று சொன்னார்.

சைக்கிளில் போனேன். வேகன் அங்கே கிடந்தது உண்மைதான். ஆனால் அதில் கோழிகள் குடியிருந்தன. சில்லுகள் இல்லை, எஞ்சின் இல்லை, ஆசனங்களில் வைக்கோல். வீட்டு அக்கா சிரித்த முகமாக வந்து, நான் வந்த விஷயத்தையும் என் சாரன் வியாபாரத்தையும் கேட்டுவிட்டு, "கழட்டிக்கொண்டு போங்க தம்பி. எங்கட வீட்டுக்காரருக்கு ஒரு சாரன் தந்தாப் போதும். அடைக்கோழி கிடக்கு, கவனம்" என்றார்.

பின் லைட்டின் நட்டுகள் உள்பக்கம் இருந்தன. நான் வேகனுக்குள் தவழ்ந்து போய்த் துருப்பிடித்த நட்டைத் திருகத் தொடங்கினேன். ஏதோ ஒன்று என் தொடையில் கொத்தியது. நான் போட்ட சத்தத்தில் எல்லாக் கோழிகளும் ஒரே நேரத்தில் பறந்தன. தலையில் சிறகு, சட்டையில் எச்சம். கையில் கிடைத்த லைட்டோடு வெளியே விழுந்தேன்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கோழிக்கே இந்தப் பயம் எண்டா, வீட்டுல எப்பிடித் தம்பி காலந்தள்ளுறீங்க?"

"வீட்டுல கொத்த மாட்டாங்க அக்கா. கதைக்கவும் மாட்டாங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து வேலையைத் தொடங்கினேன். மனைவி பக்கத்துத் தெருக் கலியாண வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது மாமியிடம் வேகன் பூட்டின் திறப்பைக் கேட்டு வாங்கித் தந்திருந்தாள். லைட்டை வேகனில் வைத்துப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. நான் கழற்றிக்கொண்டு வந்தது இடது பக்க லைட். உள்ளே தவழ்ந்த கோலத்தில், கோழிக்குப் பயந்த அவசரத்தில், எனக்கு இடமும் வலமும் மாறிப்போயிருந்தன. மறுபடி சொறிக்கல்முனைக்குப் போய்வர நேரமில்லை.  குந்தியிருந்து அதை இப்படியும் அப்படியும் திருப்பினேன். தலைகீழாகப் பிடித்தபோது ஸ்க்ரூத் துளைகள் பொருந்தின. அல்ஹம்துலில்லாஹ்! ஒரே குறை, மற்றப் பக்கத்தில் மஞ்சள் மேலே, சிவப்பு கீழே; இந்தப் பக்கத்தில் சிவப்பு மேலே, மஞ்சள் கீழே.

வயரை முறுக்கினேன், பல்பைப் பூட்டினேன். இனி பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே ஏறிப் பிரேக்கை மிதித்தேன். இறங்கி ஓடிப் பின்னால் போய்ப் பார்த்தேன். எரியவில்லை. மறுபடி ஏறி இன்னும் பலமாக மிதித்துவிட்டு, இன்னும் வேகமாக ஓடினேன். அப்போதும் எரியவில்லை. காலை எடுத்தால் லைட் அணைந்துவிடும் என்பது இந்தப் பெரிய மூளைக்கு மூன்றாவது ஓட்டத்தில்தான் ஏறியது. ஒரு தேங்காயைப் பெடலில் வைத்துப் பார்த்தேன். அது உருண்டு ஆசனத்துக்கு அடியில் போனது. குனிந்து அதைத் தேடும்போது முழங்கை பட்டு ஹோர்ன் அடித்தது. அதற்கும் நான் துள்ளிவிழுந்தேன்.

இருந்த அந்தரப் பதற்றத்தில், ஆளில்லா வளவைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டுவிட்டேன். பிரேக்கை மிதித்தபடி, "யா அல்லாஹ், எரியிதா, எரியல்லயா?"

"எரியல்ல."

பெண் குரல். நான் முதலில் ஜின் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், வேகனுக்குப் பின்னால் இருந்த வீட்டு ஜன்னலின் திரை அசைந்தது.

வீட்டில் மாமியைத் தவிர வேறு யாருமில்லை. பின்னால் போய் வயரைச் சுரண்டி, நன்றாக முறுக்கிக் கட்டிவிட்டு வந்து மிதித்தேன். திரையைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியமில்லை. கண்ணாடிக்கு முன்னால் தெரிந்த முருங்கை மரத்தைப் பார்த்து, "இப்ப?" என்றேன்.

"மங்கலா எரியிது."

மறுபடி இறங்கினேன். பல்பைக் கழற்றி, அடியைச் சாரனில் தேய்த்துப் பூட்டினேன். ஏறி மிதித்தேன். "இப்ப?"

 பதில் வருவதற்குள் நான் வேகனை விற்றேன், சாரன் மூட்டையைத் தலையில் சுமந்தேன், பொத்துவிலுக்கு நடந்தேன்.

"ஓம் மகன், எரியிது. நல்ல வெளிச்சமாத்தான் எரியிது."

'மகன்' என்ற அந்தச் சொல்லோடு என் கால் பிரேக்கிலேயே ஒட்டிக்கொண்டது. எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும் போல இருந்தது.

"தலகீழாத்தான் பூட்டிரிக்கீங்க" என்றது குரல். சிரிப்பை விழுங்குவது தெரிந்தது. "பரவாயில்ல. பாக்கிறவன் நம்மட வேகன் எண்டு தூரத்திலேயே கண்டுக்குவான்."

இன்று என் மனைவி எங்கள் மருமகனுக்கு முன்னால் அமர்ந்து, அவர் சொல்லும் பகிடிகளுக்குச் சத்தமாகச் சிரிக்கிறாள். நல்லதுதான், எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அவர்கள் ஒரு நாள் முழுக்கக் கதைத்தாலும், ஒரே ஒரு 'ஓம் மகன்' எனக்குத் தந்ததை அந்தப் பிள்ளைக்குத் தர முடியுமா என்பது சந்தேகம்தான். பாவம், அவருக்கு எல்லாம் லேசாகக் கிடைத்துவிட்டது.

அசருக்குப் பிறகு நிந்தவூர் முதலாளி வந்தார். வேகனைச் சுற்றி நடந்தார், சில்லைக் காலால் தட்டினார், பின் லைட்டைப் பார்த்துக் கழுத்தைச் சரித்தார். மனைவி இன்னும் கலியாண வீட்டிலிருந்து வரவில்லை. "வீட்டுக்காரம்மா என்ன சொல்றா?" என்று என்னிடம் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. மாமி அவரோடு கதைக்கவில்லை. அந்நிய ஆணோடு அவர் எப்படிக் கதைப்பார்?

"மகன், வந்தவருக்குச் சொல்லுங்க" என்றார். "இது விக்கிறதுக்கு இல்ல. மருமகன் ஓட்டுற வேகன்."

முதலாளிக்கு அது தெளிவாகவே கேட்டிருக்கும். ஆனாலும் அவர் மரியாதையாக என் முகத்தைப் பார்த்துக் காத்து நின்றார். நான் தொண்டையைச் செருமி, சாரனை இறுக்கிக் கட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"மாமி சொல்றா... விக்கிறதுக்கு இல்லையாம்."