ஓடிக்கொண்டே தண்ணீர் குடித்த இன்ஜின்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. முதல் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை நான் எழுதுகிறேன்.

அண்ணன் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். அப்பா காலமானதும் படிப்பை விட்டுவிட்டு, பாய்லர் வேலை பழகி, சவூதியில் ஜுபைலுக்குப் போனார். கேம்ப் ரூமில் அவர் கட்டிலுக்கு மேல், முருகன் படத்தை ஒட்டி ஒரு நீராவி இன்ஜின் படம் இருந்தது. அமெரிக்கப் பயணி ரயில்களை இழுத்த ஹட்சன் வகை இன்ஜின் அது.

வெள்ளிக்கிழமை போன் வந்தால் ஹட்சன் புராணம்தான். நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே சொகுசு ரயில்களை இழுத்ததாம். பெரிய சக்கரங்கள் ஆள் உயரமாம். தண்டவாளங்களுக்கு நடுவே நீளத் தொட்டியில் தண்ணீர் விட்டிருப்பார்களாம். நிற்காமல், ஓடிக்கொண்டே அள்ளிக்கொள்ளுமாம். பிறகு டீசல் வந்தது. அந்தப் பாதையில் உழைத்த ஹட்சன்கள் அத்தனையையும் உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

“ஒண்ணே ஒண்ணையாவது நிறுத்தி வச்சிருக்கலாம்ல?” என்று சொந்தக்காரர் செத்ததுபோல் வருத்தப்படுவார்.

எனக்கு எரிச்சலாக வரும். அவர் மட்டும் நின்றாரா? நெஞ்சு வலிக்கிறது என்றவர், ஷட்டவுன் வேலை முடிந்ததும் லீவில் வந்து டாக்டரிடம் காட்டுவதாகச் சொன்னார். பிளாண்ட்டை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள், ஆளை நிறுத்த மாட்டார்கள். கடைசியில் பெட்டிதான் வந்தது.

தூக்கத்திலேயே உயிர் போனதாகச் சொன்னார்கள். அம்மா அழுது ஓய்ந்த பிறகும் ஒரு கேள்வி ஓயவில்லை.

“அவன் வாய்க்கு யாருடி தண்ணி ஊத்துனா?”

பிள்ளை தாகத்தோடு போய்விட்டான் என்பதுதான் அம்மாவை அறுத்தது.

சென்ற மாதம் அண்ணனின் ரூம்மேட், பாகிஸ்தானின் பெஷாவர்க்காரர் குல்சார் பாய் போனில் பேசினார். திதி வருகிறது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னதும் உடைந்துவிட்டார். டியூட்டிக்குக் கிளம்பும்போது அண்ணன் சரிந்து விழுந்தாராம். இவர்தான் மடியில் கிடத்தித் தண்ணீர் புகட்டினாராம். இரண்டு மடக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கடைசித் தண்ணீர் ஒரு முஸ்லிம் கையால் என்று தெரிந்தால் தாய் மனம் புண்படுமே என்று பயந்து, தூக்கத்தில் போனதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் சொல்லக் கேட்டதும் அம்மா போனை வாங்கித் தமிழிலேயே பேசினார்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாப்பா? ஒரு வருஷமா நான் குடிக்கிற தண்ணி தொண்டையிலயே நின்னுச்சு.”

அண்ணனின் உடலை ஊர் சேர்க்க அலைந்த கேம்ப் நண்பர்களுக்கும், எங்களோடு நின்ற அண்டை வீட்டாருக்கும் நன்றி. குல்சார் பாய்க்கு இங்கே வர விசா கிடைக்காது. இந்த நினைவு மலரின் பிரதி ஒன்று ஜுபைலுக்குப் போகிறது. தமிழ் தெரிந்த யாராவது அவருக்கு இதை மட்டும் படித்துச் சொல்லுங்கள்: அம்மா இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.