வளையல் கழற்றும் வேலை

வானொலி நிலையத்துக்குள் நுழைந்ததும் நான் செய்கிற முதல் வேலை கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கைப்பைக்குள் போடுவது. மைக் பொல்லாதது, தாளைத் திருப்பும்போது வளையல் லேசாக உரசினாலும் ஊருக்கே கேட்கும். நேயர்களின் புகார்களுக்கு அதிகாரிகளிடம் பதில் வாங்கிப் புதன்தோறும் வாசிப்பேன். ஏழு வருஷமாக ஒருவரும் என் கையைப் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கேபிள் டிவிக்காரர்கள் ஸ்டுடியோவுக்குள் கேமராவைக் கொண்டுவந்தார்கள். வானொலியில் நேரடியாகப் போவதைப் படமெடுத்து மாலையில் காட்டுவார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் ஆசைதான். புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் மந்தைவெளியில் பக்கத்து வீட்டு மாமி வாசலுக்கு வந்தாள்.

"நன்னாத்தான் பேசினே. கை ஏன் மூளியா இருந்தது? ஆத்துல எல்லாரும் சௌக்கியந்தானே?"

'எல்லாரும்' என்றால் யாரென்று புரிந்தது. அவர் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார். சிரித்து மழுப்பினேன். நான் என்ன வாசித்தேன் என்பது மாமிக்கு நினைவில்லை. கடைத்தெருவில் விசாரித்தவர்களுக்கும் இல்லை. கோபம் வந்தது. அதைவிட வெட்கம்தான் அதிகம்.

அடுத்த புதன் கை நிறைய வளையலோடு உட்கார்ந்தேன். கேமராவுக்காகக் கையை வேறு ஆட்டிப் பேசினேன். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் ஏதோ சைகை காட்டியிருக்கிறார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அன்று வாசித்தது கோட்டூர்புரம் ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களுக்கான பதில். மாற்று வீடு வேண்டுமென்றால் மறுநாள் மதியத்துக்குள் ரேஷன் கார்டோடு எந்தப் பள்ளிக்கூடத்தில் பெயர் பதிய வேண்டும் என்ற விவரம்.

மறுநாள் காலையில் தெருமுனைப் பூக்காரி என்னை நிறுத்தினாள். அவள் குடிசையும் அந்தக் கரையில்தான். அங்கே டிவி கிடையாது, டிரான்சிஸ்டர்தான்.

"இன்னாக்கா, நேத்து ஒரே வளையல் சத்தம். எந்த ஸ்கூலு, என்னிக்குன்னு ஒண்ணும் வெளங்கல. கரையில எல்லாரும் முழிச்சிக்கினு கீறாங்க."

"இன்னைக்குத்தான். மதியத்துக்குள்ள," என்றேன். பள்ளிக்கூடத்தையும் சொன்னேன். தொடுத்துக்கொண்டிருந்த பூவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

அதற்கடுத்த புதன் வளையல்களைக் கழற்றினேன். கைப்பைக்குள் போடவில்லை, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி மேஜைமேல் வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

பூக்காரியின் பெயர் பதிவாகிவிட்டது. கரையில் எத்தனை பேருக்கு விட்டுப்போயிற்று என்று அவளிடம் கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.