குடை, மல்லிகை, ரயில், தேன், கண்ணாடி

எங்கள் தெருவில் மழையை முதலில் கண்டுகொள்பவள் என் மனைவி பூங்கொடிதான். மிளகு காயும் நாட்களில், மேகம் கறுக்கும் முன்பே பாயைச் சுருட்டியிருப்பாள். அதைப் பார்த்துத்தான் மற்ற வீடுகளிலும் சுருட்டுவார்கள். அன்று நான் பள்ளியிலிருந்து ஓடிவந்தபோது, எங்கள் மிளகு தண்ணீரோடு சேர்ந்து ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழை வருதுங்க," என்றாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. அவளுக்கு அப்போது ஐம்பது வயது.

நான் மலைமேல் வாழவந்தி நாடு என்னும் ஊரில் குடியிருக்கும் கணக்கு ஆசிரியன். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு, வெளியே சொல்லக் கூசிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்ததை நீங்கள் செய்யாமலிருந்தால் போதும்.

மிளகு நனைந்த பிறகுதான் மற்றவையும் கண்ணில் பட்டன. கேட்டதையே கேட்டாள். செம்மேடு சந்தையில் எடை போட்ட மூட்டையை மறுபடி எடை போடச் சொன்னாள். நாமக்கல்லில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ (காந்த சக்தியால் மூளையின் வடிவத்தைக் காட்டும் படம்) எடுத்தார்கள். வைட்டமின் பி12 குறைவு என்று ஊசி போட்டார்கள். படத்தில் பெரிதாக எதுவும் தெரியவில்லை.

கடைசியில் நினைவாற்றல் சோதனை. இன்று என்ன தேதி, என்ன கிழமை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். கடிகாரம் வரைந்து பதினொரு மணி பத்து நிமிடம் காட்ட வேண்டும். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். குடை, மல்லிகை, ரயில், தேன், கண்ணாடி. பூங்கொடிக்குக் குடையும் தேனும் வந்தன. மற்ற மூன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தாள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம், மதிப்பெண் இன்னும் இறங்கினால் மேலே பார்க்கலாம் என்றார் மருத்துவர். நான் அவர் கையிலிருந்த கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது. அப்படியென்றால் கேள்வி மாறாது. நாமக்கல் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து அத்தனை கேள்விகளையும் டைரியில் எழுதிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் வகுப்பு தொடங்கியது.

மாலை ஆறு மணிக்கு அவள் டீ போட்டுக் கொடுத்ததும் மேசைக்கு எதிரே உட்கார வைப்பேன். பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் கடிகாரம் வரையச் சொல்வேன். கழித்தலை வாய்ப்பாடு போலச் சொல்ல வைத்தேன்: தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. ஐந்து சொற்கள் மட்டும் நிற்கவில்லை. ரயில் ஒவ்வொரு முறையும் விட்டுப்போகும்.

"நம்ம ஊர்ல ரயிலே இல்லீங்களே. பஸ்ஸுன்னு வச்சுக்கச் சொல்லுங்க," என்றாள்.

பள்ளியில் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல ஒரு கதை கட்டினேன். மழையில் நாம் குடை பிடித்துப் போனோம், மல்லிகை வாங்கினோம், ரயில் ஏறினோம், தேன் விற்றோம், கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தோம். உண்மையில் இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒருமுறைகூட ரயிலில் போனதில்லை.

நான் ஸ்கேலை எடுக்கவில்லை. என் குரலே போதுமாக இருந்தது. ஒருநாள் பென்சிலை வைத்துவிட்டு, "ஏனுங்க, தெரியலைன்னு சொன்னா அந்த டாக்டர் அடிப்பாரா?" என்று கேட்டாள்.

"விளையாடாதே. எழுது."

"எனக்கு மணி பார்க்கத் தெரியுங்க. உங்க முன்னாடி உக்காந்தாத்தான் தெரிய மாட்டேங்குது."

அப்போது மகள் கார்த்திகாவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். தாய்க்கு மூளையில் கோளாறு என்று தெரிந்தால் சம்பந்தம் நிற்குமா என்ற பயம் உண்மைதான். ஆனால் முழு உண்மை அதுவல்ல. அந்த அறையில் என் மனைவி விடை தெரியாமல் என்னைப் பார்த்தபோது, எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. அவமானமாக இருந்தது. என் வீட்டு ஆள் ஃபெயில் ஆவதா என்று இருந்தது.

ஆறு மாதம் கழித்து, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். மருத்துவர் மகிழ்ந்துபோனார். சத்துக்குறைவும் மனச்சோர்வும்தான் காரணமாக இருந்திருக்கும், ஒரு வருடம் கழித்து வந்தால் போதும் என்றார். திரும்பும்போது பஸ் நிலையத்தில் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தேன். சென்டம் வாங்கிய மாணவியின் வாத்தியார் போல இருந்தேன். அவள் மலையேறும் வரை ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள்.

அந்த வருடத்தில் கார்த்திகாவின் கல்யாணம் முடிந்தது. முகூர்த்தத்தன்று பூங்கொடி மாப்பிள்ளையின் பெயரை மூன்று முறை என்னிடம் கேட்டாள். மூன்று முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். பிறகு ஒருநாள் செம்மேட்டுக்குப் போனவள் வீட்டுக்கு வரும் பஸ்ஸை விட்டுவிட்டுத் தேவனூர் நாட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அங்கே இறங்கி நின்றவளின் செல்போனை வாங்கி, யாரோ ஒரு அம்மா எனக்குப் பேசினார். "உங்க ஊட்டம்மா பத்திரமா இருக்காங்க சார். பேரு சொல்றாங்க. ஊருதான் சொல்ல மாட்டேங்கறாங்க. நூறுல இருந்து கழிச்சுக்கிட்டே இருக்காங்க."

அன்றுதான் கார்த்திகாவுக்குச் சொன்னேன், பாதியை மட்டும். கல்யாணமாகிச் சென்னைக்குப் போயிருந்தவள் வந்து எங்களை அங்கே அழைத்துப்போனாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

சென்னை மருத்துவர் ஒரு பெண். என்னைவிட வயதில் சிறியவர். பழைய கோப்பைப் புரட்டி, "ஆறு மாசத்துல மார்க் இவ்வளவு ஏறியிருக்கே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அவர் ஐந்து சொற்கள் சொன்னார். அவை வேறு சொற்கள். ஐந்து நிமிடம் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்டார்.

பூங்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "குடை, மல்லிகை, ரயில், தேன், கண்ணாடி," என்றாள். ஒரு தடங்கலும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"எங்க ஊட்டுக்காரருங்க. வாத்தியாரு. தினமும் சொல்லிக் குடுப்பாரு."

"அப்பா?" என்றாள் கார்த்திகா.

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முன்னால் அப்படி நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. மூளையில் அமிலாய்டு (நரம்புச் செல்களுக்கு இடையே படியும் ஒருவகைப் புரதம்) சேர்ந்திருக்கிறதா என்று பெட் ஸ்கேனில் (உடலில் செலுத்தும் மருந்து எங்கே போய் ஒட்டுகிறது என்று காட்டும் படம்) பார்க்கலாம் என்றார். மறதி வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தப் படிவு தொடங்கிவிடலாமாம். எம்.ஆர்.ஐ மூளையின் வடிவத்தைக் காட்டும், இது அதிலுள்ள ரசாயனத்தைக் காட்டும் என்றார். இதற்கு யாரும் மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாது என்று அவர் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.

கையில் ஊசி வழியாக மருந்தைச் செலுத்திவிட்டு, அது மூளைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓர் அறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். அந்த மருந்தில் சிறிது கதிர்வீச்சு இருப்பதால், கர்ப்பிணியான மகள் அன்று முழுவதும் தாயின் அருகே வரக்கூடாது என்றார்கள். கார்த்திகா நடைபாதையின் அந்தக் கோடியிலும் நான் இந்தக் கோடியிலும் உட்கார்ந்திருந்தோம். அந்தத் தடை இல்லாமல் இருந்திருந்தாலும் அவள் என் பக்கம் வந்திருப்பாளா என்று தெரியவில்லை. படம் எடுத்த பெண் வெளியே வந்து, "அம்மா ரொம்ப சமத்தா படுத்திருந்தாங்க. ஏதோ குடை, ரயில்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க," என்றார்.

படத்தை எங்களுக்குக் காட்டினார்கள். படிவு இல்லாத மூளையில் மருந்து பெரும்பாலும் வடிந்துபோய், ஓரங்கள் வெளுத்துத் தெரியுமாம். பூங்கொடியின் படத்தில் மருந்து ஓரம் வரை அப்பியிருந்தது. ஆல்சைமர் நோய் (நினைவில் தொடங்கி மெல்ல மெல்ல எல்லாச் செயல்களையும் பாதிக்கும் மறதிநோய்) என்றார் மருத்துவர்.

"ஆனா படத்தை மட்டும் வச்சு நாங்க சொல்றதில்லை சார். சிலருக்குப் படிவு இருக்கும், மறதி இருக்காது. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்ப்போம். அதனாலதான் அந்தச் சோதனையில வர்ற தப்பு எங்களுக்கு வேணும். சரியான விடையைவிடத் தப்புதான் வேணும்."

இத்தனை வருடம் தப்புகளைச் சிவப்பு மையால் சுழித்தவன் நான். ஒரு தப்பு இன்னொருவருக்குத் தேவைப்படும் என்று நினைத்ததே இல்லை.

"ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா நின்னிருக்குமாங்க?" என்று கேட்டேன்.

"நின்னிருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்ககிட்டயே உக்காந்து பேசியிருக்கலாம். இதுதான் நோய், இனிமே எங்க இருக்கணும், யாரு பார்த்துக்கணும், என்ன ஆசைன்னு. அப்ப இன்னும் தெளிவா பதில் சொல்லியிருப்பாங்க."

ஆறு மாதம் அவளிடம் தினமும் கேள்வி கேட்டவன் நான். இந்தக் கேள்விகள் ஒன்றுகூட அதில் இல்லை.

இப்போது மாத்திரை கொடுக்கிறேன். நோயை மாற்றாது, கொஞ்ச காலம் தாங்கிப்பிடிக்கும் என்றார்கள். செம்மேடு கண்டக்டர்களிடமும் பள்ளியிலும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மகளுக்கும் இது வருமா என்ற பயம் என்னை விடவில்லை. அதைச் சோதித்துப் பார்ப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான், விரும்பினால் வந்து பேசட்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வகுப்பை நிறுத்திவிட்டேன். ஆனால் மாலை ஆறு மணியானால் பூங்கொடி தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தானாகவே மேசைக்கு எதிரே வந்து உட்காருவாள். தோள்கள் குறுகியிருக்கும். தேதி தெரியாது, மாதம் தெரியாது. நான் பழக்கிய பயத்துக்கு மட்டும் நேரம் தெரிந்திருந்தது. "இன்னைக்குக் கேள்வி இல்லீங்களா?" என்பாள். இப்போதெல்லாம் ஆறு மணிக்கு முன்பே அவளைக் கூட்டிக்கொண்டு மிளகுக் கொடிகள் பக்கம் போய்விடுகிறேன். வானம் பார்க்கிறோம். மழை வருமா என்று நான் கேட்பதில்லை.

சென்ற மாதம் கார்த்திகா குழந்தையோடு வந்திருந்தாள். பூங்கொடி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு கார்த்திகாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவும் நானும் ஒருக்கா ரயில்ல போனோம் கண்ணு. நல்ல மழை. குடை புடிச்சுட்டுப் போனோம். எனக்கு மல்லிகை வாங்கிக் குடுத்தாரு. தேன் வித்தோம். அப்ப வாங்குனதுதான் அந்தக் கண்ணாடி."

சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினாள். அது அவளுடைய அண்ணன் சீராகக் கொடுத்தது. கார்த்திகா என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ரயில்ல ஜன்னலோரம் எனக்குத்தான குடுத்தீங்க? சொல்லுங்க அவகிட்ட."

அப்படி ஒன்று நடக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நடந்தது என்று சொல்லவும் வரவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்ல சாமி. மறந்துட்டேன்," என்றேன்.

பூங்கொடி என் முழங்காலில் கை வைத்தாள்.

"போகுது உடுங்க. மறந்தா யாரு அடிக்கப் போறாங்க?"

எனக்குப் புரியும்படி, மெதுவாக, மழையிலிருந்து அந்தக் கதையை மறுபடி சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள்.