சின்னவள் கடையில் மீதம் இரண்டு

காலையில் கண் விழித்ததும் பெரிய மருமகளுக்கு முதல் வேலை, சின்ன மருமகளின் கடையில் நேற்று என்னென்ன குறைந்திருக்கிறது என்று பார்ப்பது. பல் துலக்குவதெல்லாம் அப்புறம்தான். கடை என்றால் தெருவில் ஷட்டர் போட்ட கடை இல்லை, கைபேசிக்குள் இருக்கும் கடை. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த இந்த இரண்டு பேரும் குழந்தைகளுக்குக் கவுன் தைத்து ஆன்லைனில் விற்கிறார்கள். பெரியவள் மாடியில், சின்னவள் கீழே. ஆரம்பித்து வைத்தது பெரியவள். அந்த யோசனை இந்த வீட்டுக்குள் நுழைந்ததே அவளால்தான். அடுத்த வருஷமே சின்னவளும் ஒரு மெஷினை வாங்கிப் போட்டாள் பாருங்கள், அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, பெரியவள் நல்ல உழைப்பாளி. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில்தான் அவள் மெஷின். துணிக்கட்டு கட்டிலுக்கு அடியில். இஸ்திரிப் பலகை குளியலறைக் கதவில் சாய்ந்திருக்கும். யாராவது குளிக்கப் போனால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் புருஷன் காலரில் நூல் துணுக்கு ஒட்டாமல் ஒரு நாளும் ஆபீஸ் போனதில்லை. இத்தனை நெருக்கடியிலும் அவளுக்கு ஆர்டர் விடாமல் வந்துகொண்டிருந்தது. ஆனால் அது வெளியே யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதில் அவள் படு கறார்.

சின்னவள் கடையில் ஒவ்வொரு கவுன் படத்துக்கும் கீழே 'மீதம் ஐந்து', 'மீதம் இரண்டு' என்று எழுதியிருக்கும். பெரியவள் கடையில் படம், அளவு, விலை, அதோடு சரி. எத்தனை இருக்கிறது என்று மூச்சு விடமாட்டாள். இதனால் வராத தொல்லையெல்லாம் வந்தது. இல்லாத அளவுக்கு யாராவது ஆர்டர் போட்டுவிடுவார்கள். இவள் போட்டது போட்டபடி கிடக்க, அவசர அவசரமாகத் துணி வெட்டுவாள். துணியும் தீர்ந்துபோயிருந்தால் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டியதுதான். "இல்லாத பொருளுக்கு எதற்குக் கடை விரித்தீர்கள்?" என்று ஒரு அம்மாள் சுடச்சுடத் திருப்பி எழுதியிருந்தார். எண்ணிக்கையைப் போட்டுத் தொலையேன், வாங்குகிறவர்களுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி என்று புருஷன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் பிடி கொடுக்கவில்லை. மீதம் ஒன்று என்று போட்டால் கழித்துக்கட்டிய சரக்கென்று நினைப்பார்கள், மீதம் இருபது என்று போட்டால் போணியாகாத சரக்கென்று நினைப்பார்கள் என்று அவரிடம் வாதாடினாள். அதெல்லாம் சாக்கு. எண்ணிக்கையைப் போட்டால் கீழே இருக்கிறவள் எண்ணுவாள். தான் செய்கிற காரியத்தைத்தானே அடுத்தவளும் செய்வாள்?

எண்ணுவதென்றால் அப்படி இப்படி இல்லை. காலையில் ஒரு பார்வை, சமையலை இறக்கிவிட்டு ஒரு பார்வை, துணி உலர்த்தப் போகும்போது ஒரு பார்வை. எட்டு இருந்தது ஐந்தானால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஐந்து இரண்டானால் மெஷினில் ஊசி உடையும். அப்படி என்னதான் இருக்கிறது அவள் கவுனில்? கழுத்துப்பட்டி கோணல், ஜிப் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் போய் இந்த ஜனங்கள் அள்ளுகிறார்களே என்று உள்ளுக்குள் வெந்துபோவாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வாய் தவறி, மஞ்சள் கவுன் இரண்டுதான் மிச்சமா என்று கேட்டும் விட்டாள். சின்னவள் ஒரு நொடி அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆமாம் அக்கா, போய்க்கிட்டே இருக்கு என்றாள். அந்தப் பதிலைப் பெரியவள் ஒரு வாரம் மென்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் முன்னறை காலியானது. வாசலை ஒட்டின அந்த அறையில் ஒரு பல் டாக்டர் வாடகைக்கு இருந்தார். அவர் பெரிய இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். தெருப்பக்கம் தனிக் கதவு, கை கழுவத் தனித் தொட்டி, சுவர் முழுக்க அலமாரி. பெரியவள் அங்கே மெஷினைப் போட்டு, வெட்டு மேசை போட்டு, கவுன்களை வரிசையாக மாட்டி மனதுக்குள் குடியேறியே விட்டாள். கட்டில் இடுக்கிலிருந்து விடுதலை என்றால் சும்மாவா? ஆனால் சின்னவளும் சமையலறை நடையில் மடக்கு மேசை போட்டுத் தைக்கிறவள்தான். சாப்பாட்டு வேளை வந்தால் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். அவளும் கேட்டாள்.

மாமனார் நியாயமான மனிதர். மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் கண்ணைக் கசக்கினாலும் இளகமாட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் இரண்டு கடையையும் பார்க்கிறேன், எது நன்றாக ஓடுகிறதோ அதற்கு அறை என்று சொல்லிவிட்டார்.

பெரியவளுக்குக் கை கால் ஓடவில்லை. சின்னவள் கடையில் எண் குறைவது ஊருக்கே தெரிகிறது, மாமாவுக்குத் தெரியாதா? அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது. மாமாவுக்குக் காலி அலமாரியைக் கண்டால் ஆகாது. ரேக்கைக் காலியாக விட்டவன் வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று சோறு பிசையும்போதெல்லாம் சொல்லுவார். சின்னவள் கடை முழுவதும் 'ஸ்டாக் இல்லை' என்று நின்றால்? விற்க ஒன்றுமில்லாதவளுக்கு அறை எதற்கு என்றுதானே கேட்பார்?

வெளியூரில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை புருஷன் பேரில், தங்கை வீட்டு விலாசத்துக்கு, சின்னவள் கடையில் இருப்பதை ஒன்று விடாமல் ஆர்டர் செய்யச் சொன்னாள். பணம் தன்னுடையது. உனக்கென்ன கிறுக்கா, உன்னிடம் இல்லாத கவுனா என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். கேள்வி கேட்காமல் செய்டி என்று இவள் போனை வைத்தாள். சனிக்கிழமை மாலைக்குள் கீழ்வீட்டுக் கடை துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. எல்லாப் படத்துக்கும் கீழே 'ஸ்டாக் இல்லை'. அன்றைக்குத்தான் பெரியவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் மாமனார் கூடத்து நாற்காலியில் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் பெரியவள் கடை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா என்ன இருக்கு, என்ன போச்சுன்னு ஒண்ணுமே தெரியலையே. மூடி வெச்ச பெட்டி மாதிரி இருக்கு. ஓடுதா?"

"ஓடுது மாமா."

"எவ்வளவு ஓடுது?"

சொல்லியிருக்கலாம். ஆர்டர் விவரம் முழுவதும் கையிலிருந்த கைபேசியில்தான் இருந்தது, எடுத்து நீட்டியிருந்தால் அறை அங்கேயே அவளுடையது. ஆனால் எதிரில் சின்னவள் உட்கார்ந்திருக்கிறாளே! இவள் முன்னால் கணக்கை விரிப்பதா? பரவாயில்லாமல் ஓடுகிறது மாமா என்று முனகிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அடுத்தது சின்னவள் கடை. மாமனார் ஒரு படத்தைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், கடைசிவரை தள்ளினார். முகம் சுருங்கியது. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவளுக்கு உச்சி குளிர்ந்தது.

"இப்படியா காலியா விடறது?" என்றார் மாமனார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "உன்னைச் சொல்லிக் குத்தமில்லம்மா. மேசையை மடக்கி மடக்கி விரிச்சா எங்கேருந்து ரேக் நிறையும்? வாங்க ஆள் நிக்குது, தைக்க இடமில்ல. தப்பு என் மேல. முன்னறையை நீ எடுத்துக்க."

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து மாடிக்குப் போனதுகூட அவளுக்கு நினைவில்லை. காலி ரேக்கைக் கண்டால் மாமாவுக்குப் பொறுக்காது என்று அவள் கணித்தது அப்படியே பலித்தது. பொறுக்காமல்தான் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதுவும் அவள் பணத்தில்! மெஷின் முன்னால் உட்கார்ந்து, கட்டிலையும் பீரோவையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சின்னவள் மாடி ஏறி வந்தாள். வென்றவள் காட்டுகிற முகத்தைப் பார்க்கப் பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானாள். வந்தவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த விலாசம் உங்க தங்கச்சி வீடுதானே அக்கா? போன தீபாவளிக்கு அவங்களுக்குப் பார்சல் அனுப்பினப்போ அந்த விலாசத்தை எழுதினது நான்தான். பாத்ததுமே தெரிஞ்சு போச்சு."

குட்டு உடைந்தது என்று பெரியவள் நினைத்தாள்.

"கடையை மூடிடலாம்னு இருந்தேன் அக்கா. அது எப்படியோ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லாம எல்லாத்தையும் வாங்கிட்டீங்க. என் கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா."

மூடுவதா? எட்டு ஐந்தாகி, ஐந்து இரண்டாகிக்கொண்டிருந்த கடையையா? பெரியவள் கேட்டே விட்டாள்.

"அதெல்லாம் நானே குறைச்சது" என்றாள் சின்னவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "விக்காத கவுனை எடுத்து டிரங்குப் பெட்டியில வெச்சுட்டு எண்ணைக் குறைச்சிடுவேன். நீங்க பாக்கறீங்கன்னு அந்த மஞ்சள் கவுனைக் கேட்ட அன்னிக்கே தெரியும். மேல உங்க மெஷின் நிக்கவே நிக்காது. கீழ உக்காந்து நாள் முழுக்க அதைக் கேட்டுட்டு இருப்பேன். உங்க கடையில எத்தனை போச்சுன்னும் தெரியாது. நூறு போகுதோ ஆயிரம் போகுதோன்னு எனக்குப் பத்திக்கிட்டு வரும் அக்கா. எனக்கு ஒண்ணும் ஓடலைன்னு உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சேன்."

அறையைப் பற்றி மாமாவிடம் தானே பேசுவதாகவும், இரண்டு மெஷினையும் அங்கே போட்டுக்கொள்ளலாம் என்றும், அக்கா இல்லாமல் அந்த அறை தனக்கு வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டே போனாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பெரியவளுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. தொண்டைவரை வந்தது. வாய் திறந்தபோது வேறு கேள்விதான் வெளியே வந்தது.

"ஒண்ணுகூடவா விக்கல?"

"ஒண்ணு வித்துது அக்கா" என்றாள் சின்னவள். அழுத முகம் அப்படியே மலர்ந்தது. "ஒரே ஒண்ணு. யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க. குழந்தை அதைக் கழட்டவே விடமாட்டேங்குது, தூங்கும்போதும் அதுதான் வேணுமாம்னு எழுதியிருந்தாங்க."

பெரியவள் கடையிலிருந்து எத்தனையோ கவுன் போயிருக்கிறது. அப்படி ஒருவரும் எழுதியதில்லை. சின்னவளின் கை இன்னும் தன் கைமேல் இருக்க, அந்த ஒரே ஒரு கவுனை நினைத்து அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.