பெருந்தேவி கன்னத்தில் நடந்த பரிசோதனை

பெருந்தேவிக்கு எளிதில் குமட்டாது. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் காலமெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தவள் அவள். சளி, சீழ், மலம் என்று ஊர் ஜனம் சின்ன டப்பாவில் பிடித்து, தாங்களே முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டியதையெல்லாம் நிதானமாக வாங்கிக்கொள்வாள். கண்ணாடித் துண்டில் தடவுவாள், சாயம் ஏற்றுவாள், பார்ப்பாள், எழுதுவாள். அப்புறம் கையை அலம்பிக்கொண்டு அதே மேஜைக்குப் பின்னால் போய்த் தயிர்சாதம் சாப்பிடுவாள். கூட வேலை பார்த்த பெண்கள், 'உங்களுக்கு எப்படி மேடம் சாதம் இறங்குது' என்று கேட்பார்கள். பசிக்கிறது, இறங்குகிறது என்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு இந்த நாலு மாசமாகக் காலைக் காபி தொண்டையை விட்டு இறங்கவில்லை. காரணம் ஒரு கேமரா. அதுவும் இன்னும் வாங்காத கேமரா.

அவள் கணவர் ஆராவமுதன் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பெருமாள் கோயிலில் சொந்த வீடு. குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஒருவரைப் பற்றிப் புறம் பேசமாட்டார். கேமரா ஒன்றுதான். பத்ரிக்குப் போனார்கள், துவாரகைக்குப் போனார்கள், நைமிசாரண்யம் போனார்கள். எங்கே போனாலும் அவர் கழுத்தில் ஒரு பெரிய கேமரா, தோளில் லென்ஸ் பை. ஸ்டாண்டு பெருந்தேவியின் தலையில். பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே கால் வைத்ததும், "பெருந்தேவி, அங்க நில்லு. சித்த இடது பக்கம். முந்தானையைச் சரி பண்ணு. சிரி" என்று ஆரம்பித்துவிடுவார். பத்ரியில் அலக்நந்தா எப்படி ஓடிற்று என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் கண்ணைச் சுருக்கி நின்றவள் அவள்தானே.

இப்போது ஹாலந்து. மகள் மதுவந்தி நாவலூரில் வேலை பார்த்தவள், கம்பெனி அனுப்பி அங்கே போய் அங்கேயே தங்கிவிட்டாள். ஏப்ரலில் வாங்கோ என்று இருவருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள். ஆராவமுதனுக்கு முழங்கால் தேய்மானம். பெரிய கேமராவைச் சுமக்க முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். "இந்தத் தடவை கை வீசிண்டு போறோம். சட்டைப் பையில அடங்கறாப்பல ஒண்ணு வாங்கினாப் போறும்" என்றார். பெருந்தேவி உள்ளே போய்ப் பெருமாளுக்கு விளக்கேற்றினாள். ஸ்டாண்டு ஒழிந்தது என்ற சந்தோஷம் அவளுக்கு.

அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. பெரிய கேமராவாவது கழுத்தோடு போயிற்று. இந்தச் சின்ன கேமரா வீடு முழுக்கப் பரவிற்று. காலையில் எழுந்ததும் யூடியூப். அதில் எவனோ ஒருவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, கேமராவைக் குழந்தை மாதிரி உள்ளங்கையில் ஏந்தி, சென்சார் சென்சார் என்று ஜபிப்பான். சென்சார் பெரிதாக இருந்தால் ஜூம் இல்லை. ஜூம் இருந்தால் சென்சார் சின்னது. இரண்டும் இருந்தால் பையில் அடங்காது. பையில் அடங்கினால் கண்ணை வைத்துப் பார்க்க ஓட்டை இல்லை. எல்லாம் சரியாக அமைந்த ஒன்றைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பழைய சின்ன கேமராக்களைக் காலேஜ் பிள்ளைகள் திடீரென்று மோகம் கொண்டு அள்ளிவிட்டதில் அவையும் யானை விலை. இவ்வளவையும் அவர் இட்லியை மென்றுகொண்டே அவளுக்குச் சொல்வார். வாயில் பாதி இட்லி, பாதி சென்சார். பெருந்தேவி தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள்.

"அப்பா, ஃபோன் போறும்ப்பா" என்று மதுவந்தி வீடியோவில் சொல்லிப் பார்த்தாள்.

"ஃபோன் எடுக்கறது ஃபோட்டோவே இல்லை. அதுவா வரைஞ்சு குடுக்கறது" என்றார் அப்பா. அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

பெருந்தேவி இந்தப் பயணத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. டெல்ஃப்ட் என்று ஓர் ஊர். மதுவந்தி வீட்டிலிருந்து ரயிலில் போய் வந்துவிடலாம். பரிசோதனைப் படிப்பில் சேர்ந்த புதிதில் வாத்தியார் ஒரு துணி வியாபாரியின் கதை சொன்னார். முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் அந்த ஊரில் இருந்தவர். பெரிய படிப்பு கிடையாது. துணியின் இழையை எண்ணிப் பார்க்கக் கண்ணாடி வைத்துக்கொண்டிருந்த மனிதர், தானே கேழ்வரகு அளவில் ஒரு பொடிக் கண்ணாடியை உருக்கித் தேய்த்து, ஒரு பித்தளைத் தகட்டில் பதித்து, விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்தார். அதில் உயிர்கள் ஓடின. அதற்கு முன்னால் உலகத்தில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. பத்தொன்பது வயதுப் பெருந்தேவிக்கு மயிர் சிலிர்த்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கண்ணாடித் துண்டைச் சொருகும்போதும் அந்த ஊர்ப் பெயர் மனதில் ஒரு மூலையில் இருந்தது. அந்தத் தெருவில் ஒரு நாள் நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆராவமுதனிடம் சொன்னபோது, "அதுக்கென்ன, பட்டியல்ல போட்டுட்டாப் போச்சு" என்று தலையாட்டினார். அப்போது அவர் கண் ஃபோனில் இருந்தது.

பேச்சு ஒரு வழியாக இரண்டு கேமராவில் வந்து நின்றது. ஒன்று நீள ஜூம், சின்ன சென்சார். இன்னொன்று பெரிய சென்சார், ஜூம் கிடையாது, சோப்புப் பெட்டி அளவு. செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் கேசவன் செகண்ட் ஹேண்டில் இரண்டையும் வைத்திருந்தான். பழைய வாடிக்கையாளர் என்பதால், "ரெண்டையும் எடுத்துகினு போங்க சார். ஞாயித்துக்கிழமை புடிச்சுப் பாத்துட்டு திங்கக்கிழமை வந்து சொல்லுங்க" என்று கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். நல்ல வெயில். கடற்கரைக் கோயிலைத் தாண்டி மணலில் இறங்கியதும் கடல் காற்று அவள் முகத்தில் அடித்தது. காலை நனைக்கலாம் என்று செருப்பைக் கழற்றினாள்.

"நில்லு, நில்லு. புடவையை நனைச்சுடாதே."

"ஏன்னா, கால்தானே?"

"ஒரு கேமராவுல புடவை காய்ஞ்சிருந்து, இன்னொண்ணுல நனைஞ்சிருந்தா எப்படி ஒப்பிடறது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். இப்படித் திரும்பி நில்லு."

கோயிலை வைத்து ஒன்று, கடலை வைத்து ஒன்று, நிழலில் ஒன்று, எதிர்வெயிலில் ஒன்று. பிறகு கேமராவை மாற்றி அத்தனையும் மறுபடி. அதே இடத்தில் நிற்க வேண்டும், அதே அளவு சிரிக்க வேண்டும். "முன்ன இன்னும் கொஞ்சம் பல் தெரிஞ்சுது" என்றார். உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது. வியர்வை முதுகில் ஓடியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு சிரிப்பை அளந்து கேட்கிறானே இந்த மனுஷன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனசுக்குள் அவரை 'ன்' போட்டுப் பேசுவது அவள் வழக்கம். அதில் ஒரு சின்ன நிம்மதி உண்டு.

மீனவர் குப்பத்திலிருந்து வந்து மாங்காய்ப் பத்தை விற்கும் ஆராயி கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா சாமி, அந்தம்மாவ வெயில்ல வறுத்துகினு கீற? கருவாடு போட்டாக்கூட அப்பப்ப பொரட்டி வுடுவோம்."

ஆராவமுதன் காதில் வாங்கவில்லை. பெருந்தேவிக்கு அன்று வந்த ஒரே உண்மையான சிரிப்பு அதுதான். அதை அவர் எடுக்கவில்லை. லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசி வரை கால் நனையாமலே பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை இருவரும் கேசவன் கடைக்குப் போனார்கள். முன்னால் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கேசவன் பெரிய திரையில் இடது பக்கம் ஒரு பெருந்தேவி, வலது பக்கம் ஒரு பெருந்தேவி என்று இரண்டையும் போட்டான். அதுவரை சரி. பிறகு பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். கோயில் போயிற்று, கடல் போயிற்று, புடவை போயிற்று. திரை முழுக்க அவள் கன்னம்.

"இதுல பாருங்க சார். மேடம் கன்னத்துல ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியா நிக்குது. அதுல பாருங்க, மாவு பூசினா மாதிரி கீது."

"அட ஆமாம்! தாடையில முடிகூடத் தெரியறதே!" ஆராவமுதன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்த மருவுக்குப் போ. மரு ஓரம் எப்படி இருக்குன்னு பாப்போம்."

"மரு சும்மா கத்தி மாதிரி கீது சார்."

பெஞ்சில் இருந்த இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

பெருந்தேவிக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. முகத்தில் சுருக்கம் இருக்கிறது என்பதற்காக இல்லை. அது அவளுக்குத் தெரிந்ததுதான், தினம் கண்ணாடியில் பார்க்கிறாள். தன் தோலை இரண்டு ஆண்கள் கசாப்புக் கடைத் தொடை மாதிரி தொங்கவிட்டு விரலால் சுட்டிக் காட்டி ரசிப்பதைப் பார்த்துத்தான் சீ என்று வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பிச்சைக்காரன் சளியைக்கூட அவள் முன்பின் தெரியாதவர் எதிரில் இப்படி விரித்து வைத்ததில்லை.

"எந்த ஊருக்கெல்லாம் சார் போறீங்க?" கேசவன் பேச்சை வளர்த்தான். "ஊரைப் பொறுத்து ஜூம் வேணுமா வேணாமான்னு சொல்லலாம்."

"ஆம்ஸ்டர்டாம், காற்றாலை இருக்கற எடம், துலிப் தோட்டம். டெல்ஃப்ட்னு ஒண்ணு இருந்தது, அதைப் பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சு. அங்க ஃபோட்டோ எடுக்கறாப்பல ஒண்ணும் இல்லை. தோட்டத்துக்கே ரெண்டு நாள் குடுத்துட்டேன். இவளைப் பூவுக்கு நடுவுல நிக்க வச்சா..."

பெருந்தேவி எழுந்தாள். மேஜைமேல் இருந்த சோப்புப் பெட்டி கேமராவை எடுத்தாள். "ஏன்னா, இங்க பாருங்கோ" என்றாள். அவர் வாய் நிறையச் சிரிப்போடு திரும்பினார். ஒரு படம் எடுத்தாள். கார்டை உருவிக் கேசவன் கையில் கொடுத்தாள்.

"இதைப் போடுங்கோ."

"மேடம், சார் படமா?"

"போடுங்கோப்பா."

போட்டான். அவன் கையிலிருந்த மவுஸை அவளே வாங்கிக்கொண்டாள். கண்ணாடித் துண்டைப் பார்க்கிற மாதிரி இடது மேல் மூலையில் ஆரம்பித்து, கட்டம் கட்டமாக நகர்த்தினாள். குரல் பரிசோதனைக் கூடத்துக் குரல், கோபமே இல்லாத குரல்.

"நெத்தி. நாமத்து ஸ்ரீசூர்ணம் உதிர்ந்து புருவத்துல ஒட்டிண்டிருக்கு. கண்ணோரம், பூளை. காலம்பற முகம் அலம்பினது போறலை. மூக்கு, இடது பக்கம். முடி வெளியில தொங்கறது, அதுல என்னமோ காய்ஞ்சிருக்கு. உதட்டோரம், மிளகாய்ப்பொடி. எள்ளு முழுசா இருக்கு. பல்..."

அவர் காது சிவந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் இப்போது சிரிப்பை அடக்கவே இல்லை.

"பல், இடுக்கெல்லாம் மஞ்சளா படிஞ்சிருக்கு. ஈறு ஓரத்துல வெள்ளையா மாவு மாதிரி. நன்னா சிரிச்சேள், அதனால தெளிவா விழுந்திருக்கு. கேமரா நல்ல கேமரா."

"போறும், பெருந்தேவி."

"எனக்கும் போறும்னுதான் இருந்தது. நேத்திலேர்ந்து." அவள் மவுஸை வைத்தாள். "கேசவன், என் படம் அத்தனையும் அழிச்சுடுங்கோ. இவர் படம் இருக்கட்டும்."

கேசவன் அவசர அவசரமாக அழித்தான். கன்னம் திரையை விட்டுப் போயிற்று. ஆராவமுதன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து, மறுபடி துடைத்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, தரையைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த டெல்ஃப்ட்ல அப்படி என்னதான் இருக்கு?"

நாலு மாசத்தில், ஏன், கல்யாணம் ஆனதிலிருந்து, அவள் ஆசைப்பட்ட ஒன்றைப் பற்றி ஏன் என்று அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. இப்போதாவது கேட்டாரே என்று அவளுக்கு நெகிழவில்லை. இவ்வளவு அசிங்கத்துக்கு அப்புறம்தான் இதற்கு வாய் வருமா என்று எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் சொன்னாள். துணி வியாபாரியைச் சொன்னாள், பொடிக் கண்ணாடியைச் சொன்னாள், தண்ணீர்ச் சொட்டைச் சொன்னாள். கேசவனும் மவுஸில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு நாள் அவருக்கு மனுஷா வாய்க்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னு தோணித்து. யார் வாயை முதல்ல பார்த்தார் தெரியுமோ?"

"யார் வாயை?"

"தன் வாயை. தினம் தேய்ச்சுச் சுத்தமா வச்சிண்டிருந்த பல்லுதான். அப்பவும் இடுக்குல இருந்த அழுக்கைத் தானே சுரண்டித் தன் கண்ணாடியில வச்சுப் பார்த்தார். பொட்டுப் பொட்டா என்னென்னமோ நெளிஞ்சுது. அதை ஒளிக்காம அப்படியே எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினார். பொம்மனாட்டிகள் வாய்ப் பக்கம் திரும்பினது அதுக்கு அப்புறந்தான்."

பெருந்தேவி சோப்புப் பெட்டி கேமராவை உறையில் போட்டுத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "இதுதான் வேணும். ஜூம் இல்லாதது. இது என் பையிலதான் இருக்கும். வேணும்னா கேட்டு வாங்கிக்கோங்கோ. கேசவன், பில் போடுங்கோ."

கேசவன் ஆராவமுதனைப் பார்த்தான். அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தார். உள்ளே நாக்கு பல்வரிசை ஓரமாக மெதுவாக ஊர்ந்து போவது கன்னத்துக்கு வெளியே தெரிந்தது. அந்தக் கோடி வரை போயிற்று, திரும்பி வந்தது. பிறகு அவர் உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார்.

"மதுவந்திக்கு ஃபோன் போடு. துலிப்புக்கு ஒரு நாள் போறும்."