மிலாறு வெட்டிய கத்தி

பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும்போது உள்ளங்கையில் ஒரு வாடை ஏறுமே, கழுவினாலும் போகாமல் சோற்றுக் கவளத்தோடு வாய் வரைக்கும் வருமே, அந்த வாடை எனக்கு இன்றைக்கும் ஆகாது. வீட்டில் குத்துவிளக்கு விளக்குகிற வேலையை மகளிடம் விட்டுவிட்டு நான் வெளியே போய்விடுவேன். "அம்மாவுக்குச் சோம்பல்" என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

திம்புள்ளப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல்கணக்குப் பிரிவில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் நாங்கள் இருந்தோம். எங்கள் காம்பிரா அறைக்கும் சித்தப்பாவின் காம்பிரா அறைக்கும் நடுவில் ஒரே சுவர். சித்தப்பா கவ்வாத்துக்காரர். முற்றிய தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி இறக்குகிற வேலையில் அவர் கைக்கு அந்தக் கணக்கில் இன்னொரு கை இல்லை என்பார்கள். சித்தி பார்வதி கொழுந்து எடுப்பாள். வாயாடி, சிரிப்புக்காரி, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணிக்கே பதில் சொல்லிவிட்டு வருகிறவள். பிள்ளை பிறக்கும்வரை என்னைத்தான் மகளாக வைத்திருந்தாள்.

அது யுத்த காலம். மலையில் சண்டை இல்லை, ஆனால் பயம் இருந்தது. எங்களுக்கு மேலே, பைனஸ் மரக்காட்டு ஓரத்தில் கொஞ்ச காலம் ஆமிக்காரர்கள் முகாம் போட்டிருந்தார்கள். ஒரு நாள் சாமான் சட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாட்டுக்குப் புல்லறுக்கப் போன சித்தப்பா, அவர்கள் வெட்டியிருந்த குழிக்குள் சில தோட்டாக்கள் மண்ணோடு கிடக்கக் கண்டு, புல்லுக்கட்டுக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டார். பாவி மனுசன், அதை அங்கேயே விட்டிருக்கக் கூடாதா!

விட மனம் வராததற்குக் காரணம் பன்றி. ஆற்றோரத்தில் சித்தியும் அவரும் கொத்திப் போட்டிருந்த உருளைக்கிழங்குப் பாத்தியைக் காட்டுப்பன்றி வந்து வந்து உழுதுவிட்டுப் போகும். சித்தியின் அப்பா தோட்டக் காவலுக்கு வாச்சராக இருந்தவர். பழைய தொரை ஒருவர் விட்டுப்போன ஒற்றைக் குழல் துவக்கு மாமனார் செத்த பிறகு சித்தப்பாவின் கூரைக்குள் செருகியே கிடந்தது. அதற்குரிய தோட்டாவை யுத்தம் வந்ததிலிருந்து எந்தக் கடையிலும் கேட்க முடியாது. கேட்டாலே பிடித்துக்கொண்டு போவார்கள். கீழ்க்கணக்கில் ஒரு பையனை அப்படித்தான், எதற்கென்றே தெரியாமல் ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் அம்மா றோட்டைப் பார்த்தே கண் அவிந்து போனாள்.

ஆமித் தோட்டா அந்தத் துவக்குக்கு உரியதே இல்லை. குழல் அகலம், தோட்டா ஒல்லி. ஆனால் கவ்வாத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கத்தி பிடிக்குள் ஆடினால் துணியைச் சுற்றி உள்ளே இறுக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு கத்தி அசையாது, நாள் முழுக்க வெட்டலாம். எதையும் "இறுக்கினா நிக்கும்" என்பது அவர்கள் கண்ட உண்மை. தோட்டாவுக்கும் அப்படியே துணி சுற்றிக் குழலுக்குள் இறுக்கிவிடலாம் என்றார் சித்தப்பா. அம்மா வேண்டாமென்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். "அடப் போங்க மதினி, கத்திக்கு நிக்கிறது இதுக்கு நிக்காதா?" என்று சித்தப்பா சிரித்தார்.

அது மட்டுமா, அந்த வாரம் கவ்வாத்துச் சாமி கும்பிட்டார்கள். கவ்வாத்துத் தொடங்கும்முன் மலையில் கல் நட்டு, கத்திகளை வாழையிலையில் வரிசையாக வைத்து, பொட்டு வைத்து, சேவல் அறுப்பார்கள். சாமியிடம் வைத்து எடுத்த கத்தி ஆளை வெட்டாது என்பது நம்பிக்கை. சித்தி விளக்கு விளக்கியபோது அந்தத் தோட்டாக்களையும் சேர்த்துப் புளி போட்டு விளக்கினாள். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். தங்கம் மாதிரி மின்னின. அவற்றைத் துணியில் முடிந்து, சித்தப்பா தன் கத்திக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் வைத்து எடுத்தார். "சாமிகிட்ட வச்சு எடுத்தாச்சு, இனி என்னா பயம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு இல்லாத நாள். கீழ்க்கணக்கில் கல்யாணம், லயமே அங்கே போயிருந்தது, வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அம்மாவும் சித்தியும் ஆற்றோரத்தில் மிலாறு பொறுக்கிக்கொண்டிருந்தோம். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான் மிலாறு, எங்களுக்கு வருசம் முழுக்க அடுப்பெரிக்க அதுதான். புதருக்குள் பன்றியின் உறுமல் கேட்டது. துவக்கோடு பாத்திக்குக் காவலிருந்த சித்தப்பா அதைத் தூக்கிக் குறி வைத்தார்.

அது சுடவில்லை. அவர் கைக்குள்ளேயே வெடித்தது. புகை விலகியபோது அவர் நின்றுகொண்டுதான் இருந்தார், தன் வலது கையைத் தானே பார்த்துக்கொண்டு. விரல்கள் இருந்தன, ஆனால் விரலாக இல்லை. சதையெல்லாம் கருகி, இரும்புத் துண்டு ஏறிக் கிடந்தது. அம்மா "ஐயோ முருகா" என்று என் கண்ணைப் பொத்தினாள். அவள் விரல் இடுக்கால் நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு" என்றாள் அம்மா. சித்தப்பா வேண்டாமென்று தலையை ஆட்டினார். "இந்தக் கையோட போனா டாக்டருக்குத் தெரியும் மதினி. பொலிஸ் வரும். ஆமித் தோட்டான்னு தெரிஞ்சா என்னைய மட்டுமா, லயத்தையே அள்ளிக்கிட்டுப் போயிருவானுக." இரத்தம் மிலாற்றுக் கட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் சித்தியைப் பார்த்துச் சொன்னார்: "பார்வதி, மிலாறு வெட்டுறப்ப பட்டுச்சுன்னு சொல்லிரலாம். கத்தி எடு."

அவள் "மாட்டேன்" என்று கத்தினாள். மாரில் அடித்துக்கொண்டாள். அவர் போய் மிலாறு வெட்டுகிற கட்டையில் தானே கையை வைத்துவிட்டு, "வெரசா புள்ள, மயக்கம் வருது" என்றார். அவர் கத்திதான், சாமியிடம் வைத்து எடுத்த கத்தி. அவள் எடுத்தாள். கருகினதெல்லாம் போகிற மாதிரி, பெருவிரலும் அரை உள்ளங்கையும் மட்டும் மிஞ்ச, ஒரே வெட்டு. அந்தச் சத்தம் மிலாறு வெட்டும் சத்தம் போலவே இருந்தது, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. துவக்கும் மிச்சத் தோட்டாக்களும் வெட்டுப்பட்ட விரல்களும் ஆற்றோடு போயின. சித்தப்பாவைத் தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் சித்தியிடம், புருஷனோடு சண்டையா என்று சிங்களத்தில் கேட்டாராம். "இல்லீங்க ஐயா, மிலாறு வெட்டுனேன், அவரு புடிச்சிருந்தாரு, கை தவறிருச்சு" என்று அழுதிருக்கிறாள். அவர் நம்பிவிட்டார். லயம்தான் நம்பவில்லை. வாயாடிப் பொம்பளை, கோபத்தில் வெட்டியிருப்பாள் என்று பேசியது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுபோகும். "கைவெட்டி" என்று பெயரே வந்துவிட்டது. கல்யாணத்தில் மஞ்சள் இடிக்கக்கூட அவளை யாரும் கூப்பிடவில்லை. அந்த வாயாடி ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. வீட்டிலும் சிரிப்பு நின்றுபோயிற்று. காய் நறுக்க வேண்டுமானால் சுவரைத் தட்டி அம்மாவைக் கூப்பிடுவாள்.

யுத்தம் முடிந்த பிறகு, இனி உண்மையைச் சொல்லலாமே என்று நான் கேட்டேன். "யாருகிட்டடி சொல்றது? பேசுனவளுக பாதிப்பேரு செத்துட்டாளுக. மிச்சப் பேருக்கு அவரைக் காட்டிக்குடுக்கவா?" என்றாள். பயம் அவளுக்குப் போகவே இல்லை.

போன மாசம் சித்தி செத்துப்போனாள். சாவுக்கு அடிக்கிற தப்பு மேளம் கேட்டு ஓடிப்போனேன். வாய்க்கரிசி போடும்போது சித்தப்பா வலது கையை நீட்டினார். பிடிக்க விரல் இல்லாமல் அரிசி கொட்டியது. "இடது கையால அள்ளி, வலது கைய மேல வச்சுக்கிட்டுப் போடுங்க" என்றார்கள். அவர் கேட்கவில்லை. கொட்டிய அரிசியைத் திரும்பத் திரும்பப் பெருவிரலால் அரை உள்ளங்கைக்குள் வழித்தார். பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்: "இவ கோவத்துல வெட்டலடா! துவக்கு வெடிச்சுச்சு. நான்தான் கைய வச்சேன், நான்தான் வெட்டச் சொன்னேன். என் உசுரக் காப்பாத்துனவடா இவ!"

இப்போது அந்த மலையில் கவ்வாத்துக்கு மெசின் வந்துவிட்டது, முகாம் இருந்த இடத்தில் ஹோட்டல், ஆற்றோரப் பாத்தி காடாகிவிட்டது. கூடியிருந்த பொடியன்களுக்கு எந்தத் துவக்கு, எந்தத் தோட்டா, ஒன்றும் விளங்கவில்லை. ஒருத்தன் அவர் தோளைப் பிடித்து, "தாத்தா துக்கத்துல ஒளறுறாரு, உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றான். "இல்லடா, அவர் சொல்றது நெசம்" என்று நான் சொன்னேன். தப்பு அடிக்கிற சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. சித்தியைத் தூக்கிவிட்டார்கள்.