தண்ணீரில் காணாமல் போன நூல்

ஷாரோன் தைத்துக் கொடுத்த வேலையில் அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. தாமல் கிராமத்தில் பிறந்தவள். அப்பா ராஜவேலு அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். பன்னிரண்டாவது முடித்ததும் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் எம்ப்ராய்டரி மெஷினுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனவள், பதினோரு வருஷம் அங்கேயே நின்றாள். பிறகு பழைய கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றை வாங்கிப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி அறையில் வைத்தாள். வீட்டின் சொந்தக்காரர் வேலாயுதம் பட்டு நெய்பவர். கீழே அவர் தறி, மேலே இவள் மெஷின்.

கல்யாண ரவிக்கைக்குப் பூ போடுகிற மற்றவர்கள் மேல் நூலின் மினுக்கைத்தான் பார்ப்பார்கள். ஷாரோன் பாபினைப் பார்ப்பாள். துணிக்கு மேலே தெரிகிற பூவை அடியிலிருந்து பிடித்து நிறுத்துவது அந்தச் சின்ன உருளையில் சுற்றிய வெள்ளை நூல்தான். பாபின் அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் மெஷினில் அதை வைக்கிற கூட்டுக்குள் சிக்கும். சுற்று தளர்ந்திருந்தால் வெள்ளை மேலே எட்டிப் பார்க்கும். அதனால் கையால் சுற்றாமல், கம்பெனியிலேயே சுற்றி வருகிற பாபினைத்தான் வாங்குவாள்.

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கிய நேரத்தில் வழக்கமான பாபின் எங்கேயும் கிடைக்கவில்லை. சென்னையில் மூடிப்போன ஏதோ ஒரு தொழிற்சாலையின் சரக்கு இருப்பதாக மிச்சச் சரக்கை மொத்தமாக வாங்கி விற்கிற ஒரு லாட் வியாபாரி சொன்னார். பெட்டியில் லேபிள் இல்லை. ஷாரோன் சும்மா எடுத்துவிடவில்லை. ஒன்றைக் கூட்டுக்குள் போட்டுப் பார்த்தாள், கச்சிதமாக உட்கார்ந்தது. நூல் நுனியைப் பிடித்துக் கூட்டோடு தொங்கவிட்டு லேசாக உதறினாள். இரண்டு விரற்கடை இறங்கி நின்றது; சுற்றின் இறுக்கம் சரி. வீட்டுக்கு வந்து ஒரு துண்டுத் துணியில் ஓட்டித் திருப்பிப் பார்த்தாள்; நடுவில் ஒரே சீராக வெள்ளைக் கோடு. வாங்கியது நல்ல சரக்கு என்று அவளுக்குத் திருப்தி.

அந்த பாபினில்தான் வேலாயுதத்தின் மகள் துர்காதேவியின் கல்யாண ரவிக்கையையும் தைத்தாள். புடவை வேலாயுதம் மகளுக்கென்றே நெய்தது. அதன் கரையில் ஓடிய இருதலைப்பட்சியை அப்படியே ரவிக்கைக் கைகளில் ஜரிகையால் எடுத்திருந்தாள் ஷாரோன். தையற்காரர் உள்துணி வைத்து முடித்துக் கொடுத்தபோது துர்காவின் அம்மா இந்திராணி அதைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள்.

கல்யாணத்தன்று ஷாரோன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நல்ல புழுக்கம். துர்கா ஹோமத்தின் முன்னால் வியர்த்து நனைந்திருந்தாள். தாரை வார்த்தபோது செம்பிலிருந்து ஊற்றிய தண்ணீர் அவள் கை வழியாக முழங்கை வரை ஓடியது. கொஞ்ச நேரத்தில் மாலையின் நார் ஒன்று ரவிக்கைக் கையில் உரசி ஒரு இழையை இழுத்தது. துர்கா கையை நகர்த்தினாள். பட்சியின் ஒரு தலை துணியை விட்டுக் கழன்று தொங்கியது.

ஷாரோன் பார்த்துக்கொண்டே இருந்தாள். இறக்கை கழன்றது. பிறகு வால். ஜரிகை சுருள் சுருளாக மணப்பெண்ணின் மடியில் விழுந்தது. மேளம் கொட்டிக்கொண்டிருந்தது, போட்டோக்காரர் எடுத்துக்கொண்டே இருந்தார். இந்திராணி ஓடிப் போய்ப் புடவைத் தலைப்பை இழுத்து மகளின் கையை மூடினாள். அப்படியேதான் தாலி கட்டினார்கள்.

மணமகள் அறையில் துர்கா வேறு ரவிக்கை மாற்றிக்கொண்டு வெளியே போனாள். கழற்றிய ரவிக்கையின் உள்துணியை ஷாரோன் பிளேடால் பிரித்தாள். அடிப்பக்கத்தில் வெள்ளை நூல் அறுந்திருக்கும் என்றுதான் நினைத்தாள். அறுந்த நூல் இல்லை. எந்த நூலும் இல்லை. விரலில் கஞ்சி மாதிரி ஏதோ பிசுபிசுத்தது.

"இன்னாம்மா இது, நூல் எங்க?" என்றாள் இந்திராணி.

ஷாரோன் ரவிக்கையின் மற்றக் கையையும் பிரித்தாள்.

மதியம் வேலாயுதம் பட்டு வேட்டியோடு அவள் மெஷின் அறைக்கு மாடி ஏறி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று ஷாரோன் எழுந்து நின்றாள். அவர், "அந்த நூலக் காட்டும்மா" என்றார். பெட்டியிலிருந்து ஒரு பாபினை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார், முறுக்கினார், இழுத்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்குது," என்று சொல்லிவிட்டு, மேஜையில் குடிக்க வைத்திருந்த தண்ணீர் டம்ளருக்குள் அதைப் போட்டார்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். நூல் முதலில் வீங்கியது. பிறகு கண்ணாடி மாதிரி ஆனது. அவர் விரலை விட்டுக் கலக்கினார். வெறும் உருளை மட்டும் அடியில் கிடந்தது.

வேலாயுதம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நாப்பது வருஷமா நூலோட இருக்கறேன் ஷாரோன். அறுந்து பாத்துருக்கறேன், சாயம் போய்ப் பாத்துருக்கறேன். இப்படி இல்லாமப் போயி பாத்ததில்லம்மா."

வியாபாரிக்கு ஷாரோன் போன் செய்தாள். "அதுவா? கரையற நூலா இருக்கும்கா. தற்காலிகமா தையல் போட்டுட்டு அப்புறம் அலசி எடுக்கறதுக்கு அந்தக் கம்பெனியில வெச்சிருப்பாங்க. நீங்கதான பாத்து எடுத்தீங்க?" என்றார் அவர். உண்மைதான். பார்த்துத்தான் எடுத்தாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் மற்றவை நினைவுக்கு வந்தன. அதே பெட்டி நூலில் தைத்த இன்னும் பதினைந்து உருப்படிகள் வெளியே போயிருந்தன. மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். "தண்ணில மட்டும் போட்றாதீங்க. நானே வந்து வாங்கிக்கறேன்." சிலர் சிரித்தார்கள். ஒருவர் துவைக்கவே முடியாத துணியை எதற்குத் தைத்தாய் என்று கேட்டார். மாகறல் வரைக்கும் ஸ்கூட்டரில் போய் வாங்கி வந்தாள்.

திருப்பருத்திக்குன்றத்தில் தேவிப்ரியா என்ற பெண் மட்டும் போனை எடுக்கவில்லை. ஷாரோன் நேரில் போனாள். மகளின் முதல் பிறந்தநாளுக்கு மயில் போட்ட கவுன் வாங்கியவள். ஷாரோனைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. உள்ளே போய், பீரோவின் அடித்தட்டில் பழைய துணிகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த பையைக் கொண்டுவந்தாள். பைக்குள் வெறும் கவுன். பக்கத்தில் ஒரு கொத்து நீல நூல்.

"சோப்பு ஜாஸ்தியா போட்டு நாந்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சேன்கா. எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. உங்க போன பாத்தாலே பயமா இருந்துச்சு."

ஷாரோனுக்குக் கல்யாணத்தன்றுகூட வராத அழுகை அங்கே வந்தது. "உம்மேல எந்தத் தப்பும் இல்ல. நூலு தப்பு. நான் எடுத்த நூலு," என்றாள். தேவிப்ரியா நம்பாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஷாரோன் அவள் மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

பதினாறையும் திரும்பத் தைக்க ஒரு மாதம் ஆனது. பழைய ஊசித் துளைகள் பட்டில் அப்படியே இருந்தன. அவற்றின் மேலேயே ஊசி இறங்கும்படி துணியைச் சட்டத்தில் பொருத்துவதற்கே ஒரு ரவிக்கைக்குப் பாதி நாள் பிடித்தது. துர்காவுடையதைக் கடைசியாக முடித்தாள். ஆடி மாதம் அம்மா வீட்டுக்கு வந்த துர்கா மாடிக்கு வந்து வாங்கிக்கொண்டாள்.

"இதப் போட்டுக்கினு ஒரு போட்டோ எடுத்துக்கோம்மா. கல்யாணப் படத்துக்குப் பதிலா மாட்டலாம்," என்றாள் ஷாரோன்.

"வேணாங்க்கா. அன்னிக்கி எடுத்ததுதான கல்யாண போட்டோ. பட்சி தொங்கிக்கினு இருந்தா இருக்கட்டும்," என்றாள் துர்கா.

அந்தப் படம் இப்போது வேலாயுதம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஷாரோன் அங்கே காபி குடிக்கப் போவதுண்டு. படத்துக்கு நேராக அவள் இன்னும் உட்காருவதில்லை.